பூசிய தீப்புண்

ஜூலை 8, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்குகிறது. எடுத்துத் தர ஆளில்லை.

தைக்க இருப்பவை: பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டு. டீச்சரின் பிளவுஸ் (கை இறுக்கம், பிரிக்க வேணும்). பாவாடை ஒன்று, நாடா இல்லை.

இவர் ஃபயர் ஸ்டேசனில் இரவு டியூட்டி முடிந்து வந்தார். வாசலிலேயே புதினம். "தேவி, எங்களைப் பற்றி நாடகம் எடுக்கப் போகினமாம். டிவிக்கு. கொழும்பிலயிருந்து ஆக்கள் வந்து நிக்கினம்." முகம் முழுக்கப் பல்லு. தேத்தண்ணி ஆறும்வரை நாடகக் கதை. தீயணைப்பு வீரன் ஒருவன், அவன் பெண்சாதி, கடைசியில் அவன் சாகிறான். அவன் சாவான் என்பது கதை கேட்கமுன்னமே எனக்குத் தெரியும். படத்தில் நெருப்பணைக்கிறவன் எவன் கடைசிவரை இருந்திருக்கிறான்?

படத்தில் வரும் அவர்களின் பெண்சாதிமார், நான் பார்த்த அளவில்:
– எப்போதும் வயிற்றில் பிள்ளை.
– கல்யாண நாளன்றுதான் மணி அடிக்கும். கேக் வெட்டாமல் கிடக்கும்.
– புருஷன் வண்டியில் ஏற, தலைவிரி கோலமாகப் பின்னால் ஓட்டம்.
– செய்தியை டிவியில் பார்த்துத்தான் அறிவார்கள். கையிலிருந்து கிளாஸ் விழுந்து நொறுங்கும்.

எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். விழுந்தால் சத்தம்தான்.

மேசை விஷயம் பற்றி ஒரு சொல் இல்லை. ஸ்டேசனில் டெலிபோன் மேசையில் இருந்தவர் பென்சனில் போகிறார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று ஸ்டேசன் பெரியவர் இவரைத்தான் கேட்டிருக்கிறார். மாதம் முடியமுன் பதில் சொல்ல வேணும். கதிரையில் இருந்து டெலிபோன் கோல் எடுத்து வண்டியை அனுப்புகிற வேலை. நெருப்புக்குப் போகத் தேவையில்லை. கேட்டால் "பார்ப்பம்" என்கிறார். போன மாதம் புகைக்குள் நின்றுவிட்டு வந்து மூன்று நாள் இருமினார். தலையணையை நிமிர்த்தி வைத்துத்தான் படுத்தார். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் நான்.

அவர் அந்தக் கதிரைக்குப் போக வேணும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். இதை எழுதலாம், சொல்ல ஏலாது.

ஜூலை 9, புதன்

அதே காற்று. கறி: கீரை, பாரைமீன் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

மத்தியானம் வாசல் படலையில் ஒரு பெட்டை. மெலிந்த முகம், கையில் பை நிறையப் பிளவுஸ். நாடகத்தில் பெண்சாதியாக நடிப்பவள். பெயர் துஷி. வவுனியாப் பிள்ளை. உடுப்பெல்லாம் தோளில் நழுவுகிறது, பிடித்துத் தர வேணுமாம். இவர்தான் அனுப்பியிருக்கிறார், "என்ர மனுசி நல்லாத் தைப்பா" என்று. வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை இதை.

பையைத் திறந்தேன். பட்டு. மினுக்கம். முதுகில் மணி.

"தங்கச்சி, இது எந்தச் சீனுக்கு?"

"சமைக்கிற சீன் அக்கா."

சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். என்னுடைய பழைய பருத்திப் பிளவுஸ் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். தோளைப் பிடித்து, பக்கத்தை உள்ளே அடித்து. கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தாள். சரியாக என்னைப் போல இல்லை, வடிவாக இருந்தாள்.

பிறகு பக்கத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி.

"கோல் வந்த உடன நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"அடுப்பை நிப்பாட்டுவன்."

"இல்லையக்கா. அவருக்கு என்ன சொல்லுவீங்கள்?"

"ஒண்டும் சொல்லுறேல்ல."

"கவனம் எண்டாவது?"

"போற ஆளைப் பின்னால கூப்பிடக் கூடாது. எங்க போறீங்கள் எண்டு கேக்கவும் கூடாது. இஞ்ச ஸ்டேசன் ஆக்களின்ர வீடுகளில எல்லாரும் அப்பிடித்தான். பெரிய நெருப்பெண்டால் லீவில நிக்கிறவைக்கும் கோல் வரும். அவர் எழும்புவார், யூனிபோம் சேட்டைப் போடுவார், போவார். நான் முதுகைப் பாக்கிறதோட சரி."

துஷி பையிலிருந்து வசனக் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். அவளுடைய நாடகத்தில் பெண்சாதி ஒழுங்கையால் தெரு முனைவரை கத்திக்கொண்டு ஓட வேணுமாம். "போகாதீங்கோ, போகாதீங்கோ" என்று பதினைந்து தரம் எழுதியிருக்கிறதாம்.

"நீங்கள் ஒருநாளும் போகாதீங்கோ எண்டு சொன்னதில்லையோ அக்கா?"

ஊசியில் நூல் கோர்க்க வேணும் என்று எழுந்து போனேன். நூல் ஏற்கெனவே கோர்த்துத்தான் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

நேற்றுப் போயா, பௌர்ணமி லீவு. ஒன்றும் எழுதவில்லை. தலையிடி. மகள் மட்டக்களப்பு கம்பசிலிருந்து கோல்: "அம்மா, அப்பா நடிக்கிறாராம்! எனக்குச் சொல்லவேயில்லை." எனக்கே சொல்லவில்லை பிள்ளை.

விஷயம் இதுதான். ஷூட்டிங் நடக்கிற பழைய சாமான் கிட்டங்கிக்கு இவர் போனது ஆலோசனை சொல்ல. குழாயை எப்படிப் பிடிப்பது, எத்தனை பேர் பிடிப்பது. கதாநாயகப் பொடியன் ஒற்றைக் கையால் பிடிக்கிறானாம், மற்றக் கை இடுப்பில். "தண்ணி வந்தால் உம்மைக் கிட்டங்கிக்கு அங்கால தூக்கி எறியும் தம்பி" என்றாராம். தண்ணியும் விட்டுக் காட்டினார். பொடியன் விழுந்தான். அதற்குப் பிறகு டைரக்டருக்கு இவரில் நல்ல பிடிப்பு. எரிந்த கிட்டங்கிக்குள் இருந்து தூக்கி வரும் காயப்பட்ட வீரர் வேஷம் இவருக்கு. வசனம் இல்லை. படுத்துக் கிடந்தால் போதும்.

பின்னேரம் ஹோலில் பாய் போட்டுப் படுத்துப் பழகினார். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொங்க. "இப்பிடியோ, இல்லை தலையைச் சரிச்சுப் போடவோ?"

"எழும்புங்கோ, சோறு ஆறுது."

"சும்மா சொல்லும் பாப்பம்."

பார்க்க எனக்கு விருப்பமில்லை. வேஷத்துக்கும் அப்படிக் கிடக்க வேண்டாம். பாயைச் சுருட்டும் சாட்டில் இழுத்தேன். அவர் எழும்ப மாட்டேன் என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார். ஐம்பதாகப் போகிற ஆள்!

சிரித்துச் சிரித்து இருமினார். சிரிப்பு நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை.

ஜூலை 12, சனி

பிளவுஸ் எல்லாம் முடித்துக் கொடுத்தாயிற்று. துஷி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு மனக்குறை. பெண்சாதி வீட்டில் காத்திருக்கிற சீன் ஒன்று இருந்ததாம், டைரக்டர் தூக்கிவிட்டார். "அதில ஒண்டும் நடக்கேல்லையே துஷி" என்றாராம்.

அது சரிதான். ஒன்றும் நடக்கிறதில்லை.

வாங்க: சீனி, ஆடிக்கூழுக்குப் பயறு, பனங்கட்டி, தேங்காய் 3, கறுப்பு நூல்.

இவரிடம் இன்று கேட்கத்தான் இருந்தேன். சாப்பிட்டு முடிய, வெற்றிலைத் தட்டோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். "மேசை..." என்று தொடங்கினேன். "மேசைக்கு என்ன, கால் ஆடுதோ?" என்றார். ஓம் ஆடுது என்றேன். போய்க் காலுக்குக் கடதாசி மடித்து வைத்துவிட்டு வந்தார்.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுத ஏலவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்று லீவு நாள். இவரும் இன்னும் மூன்று பேரும், ஸ்டேசனின் பழைய தண்ணிப் பவுசர் வண்டியும் காலையிலேயே ஷூட்டிங்குக்கு. உள்துறைமுகப் பக்கம் பாழ்கிட்டங்கி ஒன்றில். போகும்போது "இண்டைக்குத்தான் எனக்கு எரியிற சீன்" என்றார். என்ன பேச்சு அது! வாயில் வந்ததை விழுங்கினேன். முதுகு ஒழுங்கையால் திரும்பும்வரை பார்த்தேன்.

மத்தியானம் கழிந்து ஃபோன். தெரியாத நம்பர்.

"தங்கச்சி, சிவம் அண்ணன்ட ஊடா? நான் கிண்ணியா ஆள். இஞ்ச கரையில மீன் ஏத்த வந்தனான். நீங்க பயப்புடாதீங்க. மீன் வாடிக் கொட்டில்ல நெருப்பு. அண்ணனுக்குக் கழுத்து, கை எல்லாம் நல்லா எரிஞ்சிட்டு. தோலு உரிஞ்சி கெடக்கு. நாங்க ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறம். ஒண்டும் யோசிக்காதீங்க."

நான் என்ன செய்தேன்? அடுப்பை நிப்பாட்டினேன். சாரம் ஒன்று, துவாய், அவருடைய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, தண்ணிப் போத்தல், எல்லாம் பையில். சோற்றுப் பானையை மூடினேன். பின்கதவு பூட்டினேன். முன்கதவு பூட்டினேன். சேலை மாற்றினேன், ஊசி குத்தினேன். ஓட்டோவுக்குள் இருந்து வீதியில் போகிற வருகிற எல்லாவற்றையும் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வேஷமாக இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. காலையில் அவர் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவும் மறந்து போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப. சொல்லியிருக்கலாம். ஒரு சொல். சொல்லியிருந்தால் கதிரையில் இருந்திருப்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர்.

"பாக்கிற நேரம் முடிஞ்சுது அம்மா."

"இப்ப ஏத்திக்கொண்டு வந்தவை. எரிகாயம். நான் அவற்ர மனுசி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பை, ஊசி குத்திய சேலை, காய்ந்த கண்.

"மனுசி உள்ள போயிட்டா. தலைமயிர் விரிச்சபடி, குழறிக்கொண்டு ஓடி வந்தவ. நான்தான் விட்டனான். நீங்கள் ஆர், சகோதரமோ?"

அழாத குற்றத்துக்குச் சகோதரி ஆகிவிட்டேன். இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு அடையாளம் வேண்டாமா? அவருடைய அட்டைதான் என் கையில். என்னுடையதை எடுக்க மறந்து வந்திருக்கிறேன். வாங்கில் போய் இருந்தேன். மடியில் பை. எவளோ ஒருத்தி உள்ளே அவருக்கு அழுகிறாள், நான் வெளியே.

அப்போது உள்ளேயிருந்து துஷி வந்தாள். பொட்டு கன்னத்தில் வழிந்து, மயிர் விரிந்து, என்னுடைய பருத்திப் பிளவுஸோடு. காவல்காரரிடம் நேரே போனாள்.

"அண்ணை, இவதான் மனுசி. நான் நாடகம்."

நடந்தது இது. இவர் மேக்கப்போடு ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். துஷிக்கு அழுகிற சீன் ஓடுகிறது. கரையில் மீன்வாடி ஒன்று பற்றிக்கொண்டது என்று பவுசருக்குக் கோல். ஸ்டேசனின் பெரிய வண்டி நிலாவெளிப் பக்கம் பற்றைக்காட்டு நெருப்புக்குப் போய்விட்டது, கிட்ட நிற்பது இவர்கள்தான். இவர் ஸ்ட்ரெச்சரில் இருந்து குதித்து வண்டியில் ஏறிவிட்டார், கழுத்திலும் கையிலும் ஒட்டிய தீப்புண்ணோடு. வாடிக்குள் வலை, எண்ணெய்க் கான். அணைத்து முடிய மூச்சு வாங்கி மணலில் குந்தியிருக்கிறார். சனம் கண்டுவிட்டது.

"எரியேல்ல, இது பூச்சு, நாடகத்துக்குப் பூசினது" என்று கத்தினாராம். "பாவம், சூட்டில மனிசன் பிசத்துறார்" என்று நாலு பேர் கால் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள். கூட வந்த பொடியள் குழாய் சுற்றிக்கொண்டு நின்றவர்கள், கண்டு ஓடி வரமுன் ஓட்டோ போய்விட்டது. அவர்கள் கிட்டங்கிக்குச் சொல்ல, பூச்சு அழிக்கிற எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு துஷி ஓடி வந்திருக்கிறாள். அழுதது முழுக்க நாடக அழுகை இல்லை என்றாள். ஓட்டோவில் வரும்போது, உண்மையாகவே எரிந்திருந்தால் என்று நினைத்தாளாம்.

துஷி வாசலில் இவ்வளவும் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. உள்ளே போனேன். கட்டிலில் இருக்கிறார். நர்ஸ் மிஸ் பஞ்சால் துடைக்கிறார். கழுத்துத் தோல் அப்படியே பஞ்சோடு வந்தது. நான் சுவரைப் பிடித்தேன். மிஸ் சிரிக்கிறார். தோலுக்குக் கீழே இவருடைய கழுத்து. மச்சத்தோடு, வழமையான கழுத்து.

"தேவி..." என்று இளித்தார்.

பையால் அடித்தேன். தண்ணிப் போத்தல் உள்ளே இருந்தது, அது எனக்கு நினைவில்லை. பிறகு வந்தது பார், எங்கே இருந்தது அவ்வளவும்? துஷியின் பதினைந்து தரத்தை விடக் கூடவே கத்தியிருப்பேன். "போகாதீங்கோ. இனிப் போகாதீங்கோ. எனக்கு ஏலாது. கதிரையில இருங்கோ." வார்ட் முழுக்க எழும்பி இருந்து பார்க்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மா தன் பிள்ளையின் காதைப் பொத்துகிறார்.

அவர் இளிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "போகேல்ல."

அவ்வளவுதான். இவ்வளவு லேசு!

இடது மணிக்கட்டில் ஒன்று மட்டும் அழியவில்லை. உள்ளிப் பூண்டுப் பல் அளவு. மிஸ் எண்ணெய் விட்டுத் தேய்க்கத் தேய்க்க இவர் நெளிகிறார்.

"மிஸ், அது உண்மை."

களிம்பு பூசி அனுப்பினார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கல். மணிக்கட்டில் சின்னக் கொப்புளம். உடைக்காதீங்கோ என்றால் கேட்கிற ஆள் இல்லை.

காலையில் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த திங்கள் தொடக்கம் மேசை.

குசினிக்கு வந்து கதவு நிலையில் சாய்ந்தபடி: "நீர் ஒருநாளும் சொல்லேல்லையே. நான் நினைச்சன், உமக்கு நான் வண்டியில போறதுதான் பெருமை எண்டு. மேசையில இருந்தால் வெக்கப்படுவீர் எண்டு."

"பெருமைதான். ஆர் இல்லை எண்டது?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"போற ஆளுக்குப் பின்னால..."

"நான் சாப்பிடேக்க சொல்லியிருக்கலாமே. முன்னாலதானே இருக்கிறன்."

மடையன் கேள்விதான். முன்னால் இருந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று? மீன் விலை கதைத்திருப்போம். வெங்காயம் வெட்டிக்கொண்டே அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார், நல்லவர்.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை. பயறு கொஞ்சம் கூடுதலாக வறுபட்டுவிட்டது, வாசம் நல்லது.

துஷியும் டைரக்டரும் வந்தார்கள். நாளைக்குக் கொழும்பு போகிறார்கள். டைரக்டர் நல்ல பொடியன், மூன்று கோப்பை கூழ். ஆஸ்பத்திரிக் கதையை அறிந்திருக்கிறார். "அக்கா, அது நல்ல சீன். அண்ணையைக் கண்ட உடன என்ன சொன்னீங்கள்? சொல்லுங்கோ, கடைசியில சேர்ப்பம்."

"பையால அடிச்சனான் தம்பி."

"அதுக்குப் பிறகு?"

துஷியைப் பார்த்தேன். அவள் அன்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்றவள், எல்லாம் கேட்டவள். கொழுக்கட்டையை வாயில் வைத்தபடி, "எனக்கும் ஒண்டும் கேக்கேல்ல சேர், ஒரே சத்தம்" என்றாள். அந்தப் பிள்ளைக்கு நல்ல வாழ்வு கிடைக்க வேணும்.

நாடகத்தில் அவன் செத்தது செத்ததுதானாம். ஓடாமல் நிற்கிறேன் என்று துஷி கேட்டுப் பார்த்தாளாம். சனத்துக்கு விளங்க வேணும் என்று ஓட வைத்துவிட்டார். அவள் போகும்போது பருத்திப் பிளவுஸைத் திருப்பித் தந்தாள். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

இவருக்கு மேசையில் முதல் நாள். சேட்டுக்கு இஸ்திரி போட்டேன். "ஒஃபீஸ் மாப்பிள்ளை" என்றேன். போகும்போது படலையடியில் திரும்பி நின்று, "போயிட்டு வாறன்" என்றார். திரும்பி நின்று! நான் தலையை ஆட்டினேன்.

மத்தியானம் நல்ல நித்திரை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு பகல் நித்திரை. டீச்சரின் பிளவுஸ் கை இன்னும் பிரிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

பின்னேரம். வெயில் இறங்கவில்லை, காற்றுத் திரும்பவும்.

இவர் டியூட்டி முடிந்து நேரத்தோடேயே வந்தார். முகம் சரியில்லை. சேட் கழற்றவில்லை. கன்னியாப் பக்கம் பற்றைக்காடு தீப்பிடித்திருக்கிறது. வண்டியை அனுப்பியது இவர். போனவர்கள் நாலு பேரும் இளம் பொடியள், ஒருவன் போன மாதம்தான் கலியாணம் முடித்தவன். மேட்டுக்கு அங்கால் போனதும் வோக்கிடோக்கியில் சத்தம் இல்லை. மேசையை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வண்டி திரும்பினால் கோல் எடுத்துச் சொல்வார்கள்.

சோறு போட்டேன். குழைத்துவிட்டுக் கை கழுவினார். படலை வரை போனார், வந்தார். ஃபோனை எடுத்தார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பப் படலை. நான் மெஷினில் இருந்தபடி பார்க்கிறேன். எது சொன்னாலும் பொய்.

கடைசியில் வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"தேவி, நான் போன நேரமெல்லாம் இப்பிடியே இருந்தனீர்?"

"ஓம்."

"நீர் என்ன செய்யிறனீர் அப்ப?"

"தைப்பன்."

தன் கைகளைப் பார்த்தார், அந்தக் கொப்புளம் ஆறின இடத்தைத் தடவினார்.

"எனக்குத் தைக்கத் தெரியாதே."

டீச்சரின் பிளவுஸையும் சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்துக் கொடுத்தேன். எப்படி என்று காட்டினேன், ஒரு தையல் விட்டு ஒரு தையல் வெட்ட வேணும், துணியில் படக் கூடாது. இதை எழுதும்போதும் எதிரே இருந்து பிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடி மூக்கு நுனியில். ஒரு கை பிரித்து முடித்து மற்றக் கை தொடங்கிவிட்டார். ஃபோன் இன்னும் அடிக்கவில்லை.